பீரியட் திருடியின் செவ்வாய்க்கிழமை

எங்கள் பள்ளியில் கணக்கு டீச்சருக்கு இருந்த பெயர் ‘பீரியட் திருடி’. பிள்ளைகள் வைத்த பெயர். காதில் விழாததுபோல் மற்ற ஆசிரியர்கள் நாங்கள் எல்லோரும் கேட்டு ரசித்த பெயர். ஓவிய மாஸ்டர் ஒரு தும்மல் போட்டால் போதும், “உங்களுக்கு உடம்பு முடியலையே சார், உங்க பீரியடை நான் பார்த்துக்கறேன்” என்று சாக்பீஸ் டப்பாவோடு எழுந்துவிடுவார். டிரில் மாஸ்டர் விசிலை எடுக்க அறைக்குள் போய்த் திரும்புவதற்குள் மைதானம் காலியாகியிருக்கும். மாடியில் அந்தப் பிள்ளைகள் கணக்கு டீச்சரிடம் இருபடிச் சமன்பாடு போட்டுக்கொண்டிருப்பார்கள்.

அதிகமாகக் களவு போனது பத்தாம் வகுப்பின் நீதிபோதனை பீரியட். அதற்கென்று ஆசிரியர் கிடையாது. யாருக்கு நேரம் இருக்கிறதோ அவர் போய் ஒரு கதை சொல்லிவிட்டு வருவார். நேரம் யாருக்கும் இருக்காது, கணக்கு டீச்சரைத் தவிர.

கடைசியில் டிரில் மாஸ்டர் தலைமையாசிரியரிடம் போய் நின்றார். “சார், ஒண்ணு அவங்க இருக்கணும், இல்ல என் விசில் இருக்கணும்.” தலைமையாசிரியர் சண்டையை வெறுப்பவர். ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து அனுப்புவதுதான் அவர் நிர்வாகம். கணக்கு டீச்சரைக் கூப்பிட்டு, “நீதிபோதனையை நீங்களே வெச்சுக்குங்க. ஆனா அதுல கணக்கு நடத்தக்கூடாது. மத்தவங்க பீரியட் பக்கம் போகவும் கூடாது” என்றார். திருடியின் கையிலேயே சாவியைக் கொடுத்து, பெட்டியைத் திறக்காதே என்று சொன்ன மாதிரி.

முதல் வகுப்புக்கு அவர் அதற்கான புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார். பெரியவர்கள் சொல்வதைக் கேள். அடக்கமாக இரு. உனக்கு எது நல்லது என்று உன்னைவிட உன் பெற்றோருக்குத் தெரியும். இரண்டு பக்கம் படித்தார், மூடினார், மேசை டிராயரில் வைத்தார். அது வெளியே வந்ததாக எனக்குத் தெரியாது.

“சரி, நீங்க எல்லாம் என்ன ஆகப் போறீங்க?” என்று கேட்டார். வரிசையாகப் பதில் வந்தது. டாக்டர், இன்ஜினியர், டாக்டர், ஆபீசர். முன் பெஞ்சில் ஒரு பையன். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அவனுக்கு ‘வக்கீல்’ என்று பெயர். அவனும் டாக்டர் என்றான்.

“ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, காலையில பதினோரு மணி. டாக்டர் என்னடா பண்ணிட்டு இருப்பார்?”

வக்கீல் யோசித்தான். “வெளியே ஒரு கூட்டத்தை உட்கார வெச்சிருப்பார் டீச்சர்.”

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “அப்ப உனக்குத் தெரிஞ்சது வெளியே உட்கார்றது மட்டும்தான். உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாது. தெரியாத ஒண்ணா எப்படி ஆகப் போற?”

பிறகு தன் கதையைச் சொன்னார். அவருக்குப் பதினாறு வயதில் வீட்டில் ஒரு பேச்சு நடந்தது. அப்பா, பெரியப்பா, அண்ணன் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவரை மட்டும் சர்க்கரை வாங்கிவரக் கடைக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. “நீ டீச்சர் வேலைக்குப் படிக்கப் போற” என்றார் பெரியப்பா. சர்க்கரையை வாங்கி டீயில் போட்டுக்கொண்டார்.

“எனக்குக் கணக்கு பிடிச்சுது, அது என் அதிர்ஷ்டம். ஆனா என் வாழ்க்கையைப் பத்திப் பேசும்போது நான் கடையில நின்னேன். அது மட்டும் இன்னும் ஆறல.”

இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு மனுஷி எங்கே வாழ்வாள், யாரோடு வாழ்வாள், கையில் என்ன பிடிப்பாள் என்பதை அவள் இல்லாத அறையில் முடிவு செய்துவிட்டு, அதற்கு அன்பு என்று பெயர் வைப்பது நம் வீடுகளில் இன்றும் நடக்கிறது. திருடன்கூட வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் வருகிறான். இவர்கள் ஆளை வெளியே அனுப்பிவிட்டுச் செய்கிறார்கள்.

அன்றிலிருந்து அந்த வகுப்புக்கு ஒரு முறை உண்டாயிற்று. வாரம் ஒருவர் எழுந்து, தனக்கு நாற்பது வயதாகும்போது வரப்போகும் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையைச் சொல்ல வேண்டும். பரிசு வாங்கும் நாள் அல்ல, கல்யாண நாள் அல்ல, வெறும் செவ்வாய்க்கிழமை. காலையில் யார் எழுப்புகிறார்கள்? கை என்ன செய்கிறது? மத்தியானம் யாரோடு சாப்பிடுகிறாய்? உன்னைப் பார்த்து யாராவது பயப்படுகிறார்களா? வீடு திரும்பும்போது மனசு எப்படி இருக்கிறது? இவ்வளவையும் அவர்கள் முன்கூட்டியே யோசித்து, தெரிந்தவர்களிடம் விசாரித்துக்கொண்டு வர வேண்டும்.

கேட்டுக்கொண்டிருப்பவர்கள் கேள்வி மட்டும்தான் கேட்கலாம். அறிவுரை சொல்லக் கூடாது. சொன்னால் பெஞ்சு மேல் ஏற வேண்டும். ஒரு நிஜமான கேள்வி, அதாவது கேட்கிறவருக்கே பதில் தெரியாத கேள்வி, கேட்கும்வரை இறங்க முடியாது.

முதல் மாதம் பாதி வகுப்பு பெஞ்சு மேல் நின்றது. நமக்குக் கேள்வி கேட்க வராது. பிறந்ததிலிருந்து அறிவுரையைத்தானே தின்று வளர்கிறோம். “நீ பேங்க் வேலைக்குப் போகலாம்ல?” என்பான் ஒருவன். “கேள்விக்குறி போட்ட அறிவுரை! ஏறு!” என்று கத்தும் வகுப்பு. மெல்ல மெல்லப் பழகியது. வெளிநாட்டில் பெரிய கம்பெனி, பெரிய கார் என்று ஒரு பையன் தன் செவ்வாய்க்கிழமையை அடுக்கிக்கொண்டே போனான். பின்னாலிருந்து ஒரு குரல், “மத்தியானம் யாரோட சாப்பிடுற?” என்றது. தன் செவ்வாய்க்கிழமையில் ஓர் ஆள்கூட இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. அடுத்த வாரமும் தனக்கே வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டான்.

கேள்வி கேட்ட அந்தக் குரல் கடைசி பெஞ்சுப் பெண்ணுடையது. அதிகம் பேசமாட்டாள். கணக்கில் எப்போதும் முதல் மார்க். அம்மா ஓர் உயரமான ஆபீஸ் கட்டடத்தில் தரை துடைக்கும் வேலை பார்த்தார். பள்ளி முடிந்ததும் இவள் அங்கே போய், வேலை முடியும்வரை படிக்கட்டில் உட்கார்ந்து பாடம் படிப்பாள். இந்தப் பெண்ணைப் பற்றிக் கணக்கு டீச்சருக்கு ரகசியமான கனவுகள் இருந்தன. ரகசியம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஸ்டாஃப் ரூமில் எங்களுக்கெல்லாம் அது மனப்பாடம்.

அவள் முறை வந்தது. எழுந்து நின்றாள்.

“காலையில நானே எழுந்திரிப்பேன். டூல்பாக்ஸை எடுத்துட்டு ஒரு கட்டடத்துக்குப் போவேன். மொட்டை மாடியில மெஷின் ரூம் இருக்கும். கம்பிக் கயிறைப் பார்ப்பேன், பிரேக்கைப் பார்ப்பேன். மத்தியானம் கூட வேலை செய்றவங்களோட சாப்பிடுவேன். நான் லிஃப்ட் மெக்கானிக்.”

யாரோ சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை.

“போன வருஷம் எங்கம்மா லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்க. கையில வாளி, துடைப்பம். கூட மூணு ஆபீசருங்க. ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோச்சு, கரண்ட்டும் இல்ல. நான் வெளியே கதவுகிட்ட நிக்கிறேன். உள்ள ஒருத்தர் அழறார். அம்மா அழல, ஆனா அவங்க மூச்சு எனக்குக் கேக்குது. அப்ப மேல இருந்து ஒரு குரல் வந்துச்சு. ‘பயப்படாதீங்க, நான் இருக்கேன். எதையும் தொடாதீங்க, இப்ப வந்துடுவீங்க’ன்னு. உடனே உள்ள எல்லாரும் அமைதியாயிட்டாங்க. ஆபீசர், எங்கம்மா, எல்லாரும் அந்த ஒரே குரலைக் கேட்டாங்க.” டீச்சரை நேராகப் பார்த்தாள். “நான் அந்தக் குரலா இருக்கணும் டீச்சர்.”

அங்கேதான் கணக்கு டீச்சர் தவறிவிட்டார்.

“முதல் மார்க் வாங்குற பொண்ணு நீ. உனக்கு எதுக்கும்மா ஸ்பானரும் கிரீஸும்? கணக்குப் பிரிவு எடு. இன்ஜினியரா வா. நான் சொல்றதைக் கேளு.”

சொல்லி முடித்ததும் அவருக்கே உறைத்தது. வக்கீல் எழுந்தான். “டீச்சர்... பெஞ்சு.”

அவர் ஒரு கணம் அவனை முறைத்தார். பிறகு செருப்பைக் கழற்றினார், புடவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பெஞ்சு மேல் ஏறினார். விசிறி தலைக்கு மிக அருகில் சுற்றியது. யாரோ ஓடிப் போய் நிறுத்தினார்கள்.

“கேள்வி கேளுங்க டீச்சர்.”

“இன்ஜினியர் ஆனா லிஃப்டையே டிசைன் பண்ணலாமே?”

“கேள்விக்குறி போட்ட அறிவுரை!” என்றது வகுப்பு ஒரே குரலில். அந்தச் சத்தம் கேட்டுத்தான் வராந்தாவில் போய்க்கொண்டிருந்த தலைமையாசிரியர் உள்ளே எட்டிப் பார்த்தார். பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். டீச்சர் பெஞ்சு மேல் நிற்கிறார்.

அதோடு பீரியட் போயிற்று. பத்தாம் வகுப்புக்கு இனி அந்த நேரத்தில் பரீட்சைப் பயிற்சி என்று மறுநாளே போர்டில் எழுதிப் போட்டார்கள். “ஒழுக்கம் சொல்லித்தரச் சொன்னா சர்க்கஸ் காட்டறீங்க” என்றார் தலைமையாசிரியர். அந்தப் பெண்ணின் ஆசை அவர் காதுக்கும் போயிருந்தது. “அதுக்குப் பதினொண்ணாவதுல எலெக்ட்ரிகல் தொழிற்பிரிவு எடுக்கணும், அதுல பொண்ணுங்க கிடையாது. அவ மனசுல வீணா எதையும் ஏத்தி வைக்காதீங்க.”

அன்று மாலை வீட்டில் கணக்கு டீச்சர் திருத்திய தாளையே மறுபடி திருத்திக்கொண்டிருந்தார். அவர் கணவர் பஸ் டிரைவர். ஷிஃப்ட் முடிந்து வந்து காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டு, நடந்ததை விசாரித்தார். கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

“உன்னைப் பெஞ்சுல ஏத்திட்டாங்களா? அந்தப் பையனுக்கு ஒரு டீ வாங்கித் தரணும்!”

“சிரிங்க. கேள்வி கேக்கச் சொன்னாங்க. எனக்கு ஒண்ணுகூட வரல.”

“உனக்கு எப்ப வந்திருக்கு? இத்தனை வருஷத்துல, பஸ் ஓட்டறது பிடிச்சிருக்கான்னு என்னைக் கேட்டிருக்கியா? ‘டெப்போவுல ஆபீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதுங்க’ன்னுதான் சொல்லியிருக்க.”

அவர் நிமிர்ந்து கணவரைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “பிடிச்சிருக்கா?”

“காலையில முதல் டிரிப்புல பஸ் முழுக்கத் தூங்குவாங்க. ஒரு சடன் பிரேக் போடாம அத்தனை பேரையும் கொண்டுபோய் இறக்கி விடுவேன். முழிச்சுப் பார்த்தா அவங்க இறங்க வேண்டிய இடம். அது உனக்குப் புரியாது.”

புரிந்தது. மறுநாள் இடைவேளையில் அந்தப் பெண்ணைப் பிடித்தார். வராந்தாச் சுவரில் சாய்ந்துகொண்டு, இந்த முறை உண்மையிலேயே பதில் தெரியாத கேள்வியைக் கேட்டார். “உன் செவ்வாய்க்கிழமையில கணக்கு எங்கம்மா இருக்கு?”

பெண்ணின் முகம் மலர்ந்தது. “லிஃப்டுக்கு எதிர்ப் பக்கம் ஒரு எடை தொங்கும் டீச்சர். காலி லிஃப்டோட எடை, கூடவே அது தூக்கக்கூடிய பாரத்துல ஏறக்குறைய பாதி. அந்தக் கணக்கு சரியா இருந்தா மோட்டாருக்குச் சிரமமே இல்ல. ஏன் பாதின்னு நானே போட்டுப் பார்த்தேன். காட்டட்டுமா?”

சுவரில் சாக்பீஸால் போட்டுக் காட்டினாள். மணி அடித்தது இருவருக்கும் கேட்கவில்லை. நடுவில் அவள் ஒரு பிழை செய்தாள், டீச்சர் திருத்தினார். டீச்சர் ஒன்றை விட்டார், அவள் பிடித்தாள்.

“உங்க அம்மா என்ன சொல்றாங்க?”

“‘நான் துடைக்கிற தரையில நீ கிரீஸ் சிந்திட்டு நிக்கணுமா, ஏசி ரூம்ல உட்காருடி’ன்னாங்க. அறிவுரைன்னு ஸ்டூல் மேல ஏத்திட்டேன்.”

“ஏறினாங்களா?”

“ஏறினாங்க. ரொம்ப நேரம் நின்னாங்க. அப்புறம், ‘அந்த மெக்கானிக் அன்னிக்கு எங்கிட்ட ஒரு வார்த்தை மரியாதையில்லாம பேசல, நீயும் அப்படி இருப்பியா’ன்னு கேட்டாங்க.”

அதற்குப் பிறகு கணக்கு டீச்சர் ஒரே ஒரு காரியத்தில் இறங்கினார். பெண்களை எலெக்ட்ரிகல் பிரிவில் சேர்க்கக் கூடாது என்று விதி எங்கே இருக்கிறது என்று தேடினார். ஆபீஸ் கிளார்க்கைக் கேட்டார். அவர் ஒர்க்‌ஷாப் மாஸ்டரைக் கைகாட்டினார். ஒர்க்‌ஷாப் மாஸ்டர் ஷாக் அடிக்கும் என்றார். “பசங்களுக்கு அடிக்காதா சார்?” பெண்களுக்கு டாய்லெட் பக்கத்தில் இல்லை என்றார். “எங்க இருக்குன்னு நான் காட்டறேன், நடந்து போவா.” முடி நீளம் என்றார். “கட்டிக்குவா.” கடைசியில் அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “விதின்னு எதுவும் இல்ல மேடம். யாரும் கேக்கல, அவ்வளவுதான்” என்றார். நல்ல மனிதர், பாவம், அவரிடமும் அதுவரை யாரும் கேட்டதில்லை.

எத்தனை பெண்களை அந்த வாசலில் திருப்பி அனுப்பியிருப்போம்! ஒரு சட்டம் இருந்தால் அதை எதிர்த்து நிற்கலாம், கிழித்துப் போடலாம். இல்லாத சட்டத்தை என்ன செய்வது? எழுதாத காகிதத்துக்குத் தலை வணங்கித்தான் தலைமுறைகளை ஓட்டியிருக்கிறோம்.

அவர் நேராகத் தலைமையாசிரியரிடம் போனார். “விதி இல்ல சார்.”

“விதி இல்லாட்டி என்ன? வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல. வழக்கம்னா வழக்கம்தான்” என்றார் அவர், ஃபைலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பதினொன்றாம் வகுப்புப் பிரிவு ஒதுக்கும் நாள் வந்தது. வழக்கமாக அது பெரிய கூடத்தில் நடக்கும். கூடத்துக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்ததால், பத்தாம் வகுப்பு அறையிலேயே மேசை போட்டார்கள். பிள்ளைகளும் பெற்றோரும் பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் தலைமையாசிரியர், பக்கத்தில் ஒர்க்‌ஷாப் மாஸ்டர், கணக்கு டீச்சர், நான். ஒவ்வொருவராக வருவார்கள், அவர் மார்க்கைப் பார்ப்பார், பிரிவைச் சொல்வார், பெற்றோர் கையெழுத்துப் போடுவார்கள். பிள்ளை பக்கத்தில் நிற்கும், தன் சாமானை யாரோ விலை பேசுவதைப் பார்ப்பதுபோல.

கடைசி பெஞ்சுப் பெண்ணின் முறை. அம்மா வேலை உடுப்பிலேயே வந்திருந்தார்.

“எலெக்ட்ரிகல் பிரிவு சார்” என்றாள் பெண், அவர் கேட்பதற்கு முன்பே.

தலைமையாசிரியர் பேனாவை வைத்தார். அவர் கெட்டவர் அல்ல. குரலில் பரிவோடுதான் ஆரம்பித்தார். “இங்க பாரும்மா. உன் மார்க்குக்கு நீ எங்கேயோ போகலாம். நாலு பேர் மதிக்கிற வேலையா பார்த்துக்கோ. பொம்பளைப் பிள்ளைக்கு அந்த அழுக்கும் இருட்டும் வேண்டாம். பெரியவங்க சொல்றதைக் கேட்டா...”

“சார்” என்றார் அம்மா.

“என்னம்மா?”

“அறிவுரை சொன்னா பெஞ்சு மேல ஏறணும் சார்.”

பின்னாலிருந்து வக்கீல், “பெஞ்சு” என்றான். இன்னொரு குரல், இன்னும் இரண்டு, பிறகு வகுப்பு முழுவதும். கத்தவில்லை, ஞாபகப்படுத்துகிறவர்களைப்போல் சொன்னார்கள். பெற்றோர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தலைமையாசிரியரின் காது சிவந்தது. கணக்கு டீச்சர் பக்கம் திரும்பினார். “என்ன இது? எந்த விதியில இருக்கு?”

“விதி இல்ல சார்” என்றார் கணக்கு டீச்சர். “இந்த கிளாஸ்ல இது வழக்கம். வழக்கம்னா வழக்கம்தான்.”

ஒர்க்‌ஷாப் மாஸ்டர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். தன்னுடைய வாக்கியமே தன் எதிரில் வந்து உட்கார்ந்துகொண்டு தன்னைப் பார்ப்பதைத் தலைமையாசிரியர் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வந்தது, வெட்கம் வந்தது, கடைசியில், இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை, ஒரு சிரிப்பு வந்தது.

“நானும் ஏறினேன் சார்” என்று தைரியம் சொன்னார் அம்மா. “ஸ்டூல் மேல. விழல.”

தலைமையாசிரியர் ஷூவைக் கழற்றினார். ஒர்க்‌ஷாப் மாஸ்டர் கை கொடுக்க, முன் பெஞ்சு மேல் ஏறினார். விசிறியை யாரும் சொல்லாமலே நிறுத்தினார்கள். யாரும் சிரிக்கவில்லை, அந்தப் பிள்ளைகளுக்குப் பெஞ்சு தண்டனை இல்லை, கேள்வி கேட்கும் இடம். அது அவருக்குத் தெரியாது.

“இப்ப என்ன பண்ணணும்?”

“கேள்வி கேக்கணும் சார்” என்றாள் பெண். “உங்களுக்கே பதில் தெரியாத கேள்வி.”

அவர் மேலிருந்து அவளைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் எத்தனை பிள்ளைகளுக்குப் பிரிவு ஒதுக்கியிருப்பார். ஒருவரையாவது இவ்வளவு நேரம் பார்த்திருப்பாரா, தெரியாது.

“அந்த இருட்டுக் குழிக்குள்ள, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்போது, உனக்குப் பயமா இருக்காதா?”

“இருக்கும் சார். ஆனா உள்ள மாட்டிக்கிட்டவங்களுக்கு என்னைவிட ஜாஸ்தியா இருக்கும்.”

அம்மா முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைமையாசிரியர் இறங்கினார். ஷூவைப் போடாமலே மேசைக்குப் போய், எலெக்ட்ரிகல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். “மாஸ்டர், அந்த டாய்லெட் விஷயம் என்னன்னு பாருங்க” என்றார். பேனாவை மூடாமலே கணக்கு டீச்சரிடம், “அந்தப் பீரியடை நீங்களே வெச்சுக்குங்க. பரீட்சைப் பயிற்சியை வேற எங்கயாவது போட்டுக்கலாம்” என்றார்.

“டிரில் பீரியட்ல போட்டுக்கலாம் சார்” என்றார் கணக்கு டீச்சர் உடனே. திருடிக்குக் கை சும்மா இருக்குமா?

பிள்ளைகள் அப்போதுதான் சிரித்தார்கள். சிரிப்பென்றால் சிரிப்பு, வெள்ளையடிக்கும் ஆட்கள் பிரஷ்ஷோடு வந்து எட்டிப் பார்த்தார்கள். பெண்ணின் அம்மா கையெழுத்துப் போட்டார். பேனாவை அப்படியே மகளிடம் நீட்டினார். “நீயும் போடு. உன்னோடதுதானே.” அதற்கென்று அங்கே கோடு கிடையாது. அவள் ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில் போட்டாள்.

அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். முன்னால் வந்தது வக்கீலும் அவன் அப்பாவும். இரும்புக்கடைக்காரர், குரலும் அப்படித்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “இவன் டாக்டருக்குத்தான்...” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். முன் பெஞ்சைப் பார்த்தார். அதன்மேல் தலைமையாசிரியரின் காலுறைத் தடம் இன்னும் இருந்தது. தன் பருத்த உடம்பைக் குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு, வாழ்க்கையில் முதல் முறையாக இருக்கலாம், மகன் பக்கம் நாற்காலியோடு திரும்பி உட்கார்ந்தார்.

“ஏன்டா, உன் செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும்?”